சமூகத் தொழிலில் சம்பளம் உண்டா?

கேள்வி: பிரிட்டனில் படிக்கும் என் அண்ணன் மகள் சமூகத் தொழில்முனைவோர் ஆகப்போகிறாளாம். பிழைப்பு ஓடுமா?

பதில்: ஓடும். அதற்கென்றே 2005 முதல் அங்கே ‘சி.ஐ.சி.’ (Community Interest Company) என்ற, சமூக நலனுக்காகத் தொழில் நடத்தும் நிறுவன வகை இருக்கிறது. 16 வயது நிரம்பினால் இயக்குநராகலாம். நியாயமான சம்பளமும் எடுக்கலாம். பலர் சறுக்குவது, பதிவு செய்யும்போது சமூகத்துக்கு என்ன பலன் என்று விளக்கும் சி.ஐ.சி. 36 படிவத்தில்தான். ‘இளைஞர்களுக்கு உதவுவோம்’ என்று பொத்தாம்பொதுவாக எழுதக்கூடாது. எந்தப் பகுதியில், என்ன வேலை, யாருக்கு என்ன பலன் என்று விவரமாக எழுதச் சொல்லுங்கள். பங்குதாரர்களுக்கான ஈவுத்தொகை, பகிரத்தக்க லாபத்தில் 35 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. நிறுவனத்தை மூடினால் மிச்சச் சொத்து இன்னொரு சி.ஐ.சி.க்கோ அறக்கட்டளைக்கோதான் போகும். சமூகத்துக்கு என்ன செய்தோம் என்று சொல்லும் சி.ஐ.சி. 34 அறிக்கையும் ஆண்டுதோறும் தர வேண்டும்.

முக்கியமாக, மாணவர் விசாவில் பொதுவாகச் சுயதொழிலுக்கு அனுமதி இல்லை. படிப்பு முடிந்து பட்டதாரி விசா கிடைத்தபிறகு தொடங்கட்டும்.