மீன் செதில் எடுக்க வீட்டிலேயே கருவி செய்ய முடியுமா?

முடியும், செலவே இல்லை. சேலத்தில் நாங்கள் மேட்டூர் அணை மீன் வாங்கினால் பெரும்பாலும் ஜிலேபி கெண்டை, இல்லையென்றால் ரோகு. இரண்டுக்கும் செதில் கெட்டி. கத்தியால் சுரண்டினால் தோல் கிழியும், விரலும் தப்பாது.

ஒரு சாண் நீள ரீப்பர் கட்டை, கண்ணாடிச் சோடா பாட்டிலின் தகர மூடி மூன்று, அரை அங்குல ஆணி. மூடியின் பல் வெளியே பார்க்கும்படி கட்டையின் ஒரு முனையில் வைத்து, ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஆணி அடியுங்கள். ஒரே ஆணி என்றால் மூடி சுழலும். நான் முதலில் செய்தது அப்படித்தான் வீணானது. ஒரு மூடியில் 21 பல், அதுதான் செதிலுக்கு அடியில் நுழைந்து நெம்புகிறது.

வாலிலிருந்து தலைப் பக்கமாக, செதிலுக்கு எதிராக இழுக்க வேண்டும். மீனைத் தண்ணீருக்குள் வைத்துத் தேய்த்தால் செதில் சுவரெல்லாம் தெறிக்காது. ஜிலேபியின் முதுகு முள் குத்தும், அதைக் கத்தரியால் முதலில் வெட்டிவிடுங்கள். வழுக்கினால் கையில் கொஞ்சம் கல் உப்பு.

அப்புறம், வேலை முடிந்ததும் கழுவி வெயிலில் காயவையுங்கள். மூடி துருப்பிடித்தால் யோசிக்காமல் மாற்றிவிடுங்கள். விராலுக்கு இது சரிவராது. அதற்குச் சாம்பலும் சொரசொரப்பான கல்லும்தான்.