இலவச மூடிலுக்கு நான்கரை இலட்சம் ரூபாயா?

கேள்வி: கிளிநொச்சி மாவட்டத்தில் ஒரு தொழில்நுட்பப் பயிற்சி நிறுவனத்தில் மின்னியல் விரிவுரையாளராக இருக்கிறேன். மாணவர்கள் எழுபது பேர் வரை. துணுக்காய், ஒட்டுசுட்டான், முழங்காவில், கனகராயன்குளம் என்று தூர இடங்களிலிருந்து வருகிறார்கள். எல்லாப் பாடங்களையும் இணையவழியிலும் கொடுக்க வேண்டும் என்று சுற்றுநிருபம் வந்திருக்கிறது. ஒரு நிறுவனத்தின் ஆள் வந்து, தங்கள் சொந்த எல்எம்எஸ் மென்பொருளை (பாடம், ஒப்படை, புள்ளி எல்லாவற்றையும் இணையத்தில் நடத்தும் மென்பொருள்) நான்கரை இலட்சம் ரூபாய்க்குப் பொருத்தித் தருவதாகச் சொல்கிறார். வருடா வருடம் பராமரிப்புக் கட்டணம் தனி. டொமைன், அதாவது தளத்தின் இணைய முகவரிப் பெயர், மட்டும் வாழ்நாள் முழுக்க இலவசமாம். வாங்கலாமா என்று பணிப்பாளர் என்னைக் கேட்கிறார். வாங்காவிட்டால் எதை வைத்துத் தொடங்குவது? மாணவர்களில் லப்டொப் வைத்திருப்பவர்கள் மிகக் குறைவு, எல்லாம் போன்தான்.

பதில்: வாங்க வேண்டாம். இந்த வருடம் யாரிடமும் வேண்டாம், இந்த ஆளிடம் எந்த வருடமும் வேண்டாம்.

அவர் காட்டிய மாதிரித் தளத்தை மறுபடி திறந்து ஏதாவது ஒரு பாடத்துக்குள் போங்கள். மேலே முகவரிப் பட்டையில் கோர்ஸ், வியூ, பிஎச்பி என்ற ஆங்கிலச் சொற்கள் அடுத்தடுத்து வருகிறதா என்று பாருங்கள். வந்தால் அது அனேகமாக மூடில். மார்ட்டின் டூகியமாஸ் என்பவர் அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரில் இருந்து உருவாக்கி 2002இல் முதற்பதிப்பை வெளியிட்ட மென்பொருள். யாரும் இலவசமாக இறக்கலாம், நிறுவலாம், நிறத்தை மாற்றித் தங்கள் லோகோவைப் போடலாம். அதன் உரிமமே அப்படி. நம் நாட்டுப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் எல்எம்எஸ் என்று ஓடுவது இதுதான். நிறுவித் தருவதற்குக் கூலி கேட்பதில் பிழையில்லை. ‘எங்கள் பொடியள் இருந்து எழுதிய சொந்த மென்பொருள்’ என்று சொல்லிக் கேட்பதுதான் பிழை.

அடுத்தது வாழ்நாள் டொமைன். அப்படி ஒன்று கிடையாது. டொட் கொம் பெயரை ஒரு தடவையில் ஆகக்கூடியது பத்து வருடத்துக்குத்தான் பதிய முடியும். பிறகு புதுப்பிக்க வேண்டும். டொட் எல்கே பெயரும் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். எனவே ‘வாழ்நாள்’ என்று அவர் சொல்வது அவருடைய நிறுவனத்தின் வாழ்நாளை. அது உங்கள் முதலாவது மாணவர் தொகுதி படித்து முடிக்கும் வரைகூட நீளாமல் போகலாம்.

இதைவிடப் பெரிய ஆபத்து, அந்தப் பெயர் யாருடைய கணக்கில் பதிவாகிறது என்பது. வன்னியில் நான் திரும்பத் திரும்பக் காணும் கதை இது. நிறுவனம் காசு கொடுக்கும். டொமைனோ, இப்படி விற்க வரும் தரகரின் மின்னஞ்சலில் பதிவாகும். தளம் ஓடும் கணினியான சேவையகத்தின் கணக்கும் அவருடையதே. தளத்தை முழுதாக ஆளும் அட்மின் கடவுச்சொல்லும் அவரிடமே. விரிவுரையாளர்களுக்குக் கிடைப்பது பாடம் ஏற்றும் உரிமை மட்டும். இரண்டாம் வருடம் பராமரிப்புக் கட்டணம் கூடும். கட்ட மறுத்தால் தளம் இருளும். உள்ளே இருந்த வினாத்தாள்கள், புள்ளிகள், ஒப்படைகள் எல்லாம் அதோடு போகும். பொலிசுக்குப் போகலாம் என்பார்கள். எழுத்தில் ஒன்றும் இல்லாமல் போய் என்ன சொல்வது?

மூன்று விலைமனு கேட்டிருக்கிறோம், ஒழுங்காகத்தான் செய்கிறோம் என்று உங்கள் கணக்குக் கிளை சொல்லும். அந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே எழுத்துரு, ஒரே எழுத்துப்பிழை, விலை மட்டும் ஏறிக்கொண்டு போகும். மூன்றையும் கொண்டு வந்தவர் ஒரே ஆள். இவர்கள் ஏன் கார்த்திகை, மார்கழியில் மட்டும் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்குகிறார்கள் என்று யோசித்ததுண்டா? அரச நிதியாண்டு டிசம்பர் 31இல் முடிகிறது. செலவழிக்காத ஒதுக்கீடு கையை விட்டுப் போய்விடும். அந்த அவசரம் எங்களைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

சரி, காசு கொடுப்பது நியாயமான இடமே இல்லையா என்றால், ஒன்று உண்டு. அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் தரகர் அதைத்தான் உங்களிடம் பேசுவார். மூன்று நிலைமைகளை யோசியுங்கள். உங்கள் ஒரு பிரிவு மட்டுமல்லாமல் நிறுவனத்தின் பல பிரிவுகள் ஒரே இடத்தில் பாடம் நடத்துகின்றன. ஒப்படைப் புள்ளிகள் பரீட்சைப் பெறுபேற்றில் சேர்கின்றன. அந்தப் பதிவுகளைச் சில வருடங்களுக்குக் காட்ட வேண்டியிருக்கிறது. இந்த மூன்றும் ஒன்றாக வந்தால் சொந்த மூடில் தேவைதான். அப்போதும் மென்பொருளுக்குச் செலவில்லை. சேவையக வாடகைக்கும், அதைப் புதுப்பித்துப் பாதுகாக்கும் ஆளின் நேரத்துக்கும்தான் செலவு. மூடிலைப் புதுப்பிக்காமல் விட்டால் ஓட்டை விழும். வெளியாள் உள்ளே வருவான். அதனால் பராமரிப்பு என்பது பொய்யான செலவு இல்லை. ஆனால் அதற்கு நிபந்தனை போடுங்கள். டொமைன் கணக்கு நிறுவனத்தின் மின்னஞ்சலில் இருக்க வேண்டும், யாருடைய சொந்த ஜிமெயிலிலும் அல்ல. சேவையகக் கட்டண ரசீது நிறுவனத்தின் பெயரில் வர வேண்டும். முதன்மை அட்மின் கணக்கு ஒன்று உங்கள் கையில் இருக்க வேண்டும். ஒவ்வொரு தவணை முடிவிலும் முழுக் காப்புப் பிரதி உங்கள் ஹார்ட் டிஸ்க்குக்கு வர வேண்டும். அதாவது தரவுத்தளமும் மூடில்டேட்டா என்ற கோப்புறையும். ஒரு பாடத்தை மட்டும் காப்பெடுத்தால் எம்பிஸெட் என்று முடியும் கோப்பு வரும். அதைக் கொண்டு வேறு எந்த மூடிலிலும் அந்தப் பாடத்தை மீட்கலாம். இவ்வளவையும் ஒப்பந்தத்தில் எழுதச் சம்மதிக்கும் ஆளுக்குக் காசு கொடுப்பதில் தவறில்லை. பம்பைமடுவில் வவுனியாப் பல்கலைக்கழகமும், அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடமும் எட்டும் தூரத்தில் இருக்கின்றன. சேவையகம் பார்க்கத் தெரிந்தவர்களை அங்கே விசாரிக்கலாம். தரகருக்கு முன் அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்பதில் என்ன குறைந்துவிடப் போகிறது?

உங்களுடைய நிலை இப்போது அதுவல்ல. எழுபது பேருக்குப் பாடமும் ஒப்படையும் கொடுத்து வாங்க, கூகுள் கிளாஸ்ரூம் என்ற இலவசத் தளம் போதும். அன்ட்ரொயிட் போன் வைத்திருக்கும் மாணவர்கள் அனேகமாக எல்லோரிடமும் ஒரு ஜிமெயில் கணக்கு ஏற்கனவே இருக்கிறது. நீங்கள் வகுப்பைத் திறந்து குறியீட்டை அனுப்பினால் அவர்கள் சேர்ந்துகொள்வார்கள். சின்ன வினாடி வினாவுக்குக் கூகுள் போர்ம்ஸ். போனில் நன்றாக ஓடும், புள்ளியையும் தானே போடும். ஒன்றில் மட்டும் கவனம். வகுப்பை உங்கள் சொந்தக் கணக்கில் திறக்காதீர்கள். பாடத்துக்கென்று தனியாக ஒரு கணக்கைத் தொடங்கி, இன்னொரு விரிவுரையாளரையும் இணை ஆசிரியராகச் சேர்த்து வையுங்கள். நாளைக்கு உங்களுக்கு மன்னாருக்கோ அம்பாறைக்கோ இடமாற்றம் வந்தால் வகுப்பும் உங்களோடு பஸ் ஏறக்கூடாது. இலவசக் கணக்கில் 15 ஜிபிதான் இடம். காணொலிகளை அதில் குவிக்காமல் யூடியூபில், இணைப்பு உள்ளவர் மட்டும் பார்க்கும்படி ஏற்றுங்கள். மாணவர்களின் அடையாள அட்டை இலக்கங்களைத் திறந்த கூகுள் ஷீட்டில் போட்டுக் குழுவுக்கு அனுப்பும் பழக்கம் இருந்தால் இன்றோடு நிறுத்துங்கள். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது.

உண்மையான சிக்கல் தளம் இல்லை, டேட்டா. துணுக்காயில் ஒரு வீட்டில் மூன்று பிள்ளைகளுக்கு ஒரு போன் இருக்கும். அதிலும் பலர் வட்ஸ்அப்புக்கு மட்டும் மலிவாக வரும் பக்கேஜில் காலத்தை ஓட்டுகிறார்கள். 2020இல் கொரோனா நேரம் பல்கலைக்கழகச் சேவையகங்களுக்கு டேட்டா வெட்டாமல் விட்டார்கள். அந்தச் சலுகையை மனதில் வைத்துக்கொண்டு இன்றைக்கும் மேலிடத்தில் சுற்றுநிருபம் எழுதுகிறார்களோ என்று எனக்குச் சந்தேகம். எழுதுகிறவரின் அறையில் வைபை இருக்கிறது, அவருக்கென்ன.

ஆகவே நேரடி சூம் வகுப்பை முதன்மையாக வைக்காதீர்கள். இலவசக் கணக்கில் 40 நிமிடத்தில் அது தானாக வெட்டும் என்பது சின்னப் பிரச்சினை. ஒரு மணி நேரக் காணொலி வகுப்பு சில நூறு எம்பியைத் தின்னும் என்பதுதான் பெரிய பிரச்சினை. அதே ஒரு மணி நேரத்தை நீங்கள் குரலாகப் பதிந்து 64 கிலோபிட் தரத்தில் சேமித்தால் 29 எம்பிக்குள் முடிந்துவிடும். பேச்சுக்கு அந்தத் தரம் தாராளம். சுற்றுப்படங்களை நான்கைந்து பக்கப் பிடிஎஃபாகச் சேர்த்து, ‘இப்போது மூன்றாம் படத்தைப் பாருங்கள்’ என்று குரலில் சொல்லிக்கொண்டு போனால் மாணவர் அதைக் கேட்டுப் படித்துவிடுவார். காணொலி வேண்டிய இடம் கையால் செய்து காட்டும் இடம் மட்டும்: வயர் மூட்டுவது, மீற்றரை வைத்து அளப்பது. அதைப் பத்து நிமிடத்துக்குள் 480பி தரத்தில் எடுங்கள். எதைச் செய்தாலும் ஒரு பிரதியை வட்ஸ்அப்பிலும் போடுங்கள். படங்களை மட்டும் படமாக அனுப்பாமல் டொக்கியுமென்ட் ஆக அனுப்புங்கள், இல்லாவிட்டால் அதைச் சுருக்கிச் சுருக்கி எழுத்தே வாசிக்க முடியாமல் ஆக்கிவிடும்.

இப்போது இன்னொரு பொறி. இதில் தரகர் இல்லை, நாங்களேதான். உங்கள் பிரிவில் வருடக்கணக்காகச் சேர்த்து வைத்த பாடக்குறிப்புகள் எந்த எழுத்துருவில் இருக்கின்றன? நிச்சயமாகப் பாதிக்குமேல் பாமினி என்ற பழைய எழுத்துருவில் இருக்கும். அந்த வேர்ட் கோப்பை அப்படியே ஏற்றினால் மாணவரின் போனில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத்தான் தெரியும், ஏனென்றால் போனில் பாமினி இல்லை. பாமினி கோப்பைப் பிடிஎஃப் ஆக்கினால் கண்ணுக்குத் தமிழாகத் தெரியும். ஆனால் அதில் ஒரு சொல்லைத் தேட முடியாது. அதிலிருந்து வெட்டிப் போர்ம்ஸில் ஒட்டினால் மறுபடி குப்பை. ஆகவே முதலில் எந்தப் போனிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடு முறைக்கு மாற்றுங்கள். இணையத்தில் இலவச மாற்றிகள் நிறைய உண்டு; பந்தியை ஒட்டினால் மாற்றித் தரும். ஆங்கிலச் சொல்லும் சமன்பாடும் இடையில் வரும் இடங்களில் தடுமாறும், அதைக் கண்ணால் பார்த்துத் திருத்த வேண்டும். அலுப்பான வேலைதான். பயிலுனர்களில் தட்டச்சு தெரிந்தவர்களைச் சேர்த்துக்கொண்டால் ஒரு தவணைக்குள் முடியும். ‘தமிழ் எழுத்துருப் பக்கேஜ்’ என்று இதற்கும் விலை சொல்லிக்கொண்டு ஒருவர் வருவார். கதவை மூடுங்கள்.

கிடைக்கும் வளங்களைப் பற்றியும் கேட்டால் சுருக்கமாகச் சொல்கிறேன். மின்சுற்றுக்கு கொலராடோ பல்கலைக்கழகத்தின் ‘பெட்’ செயற்பாடுகள், அதாவது திரையிலேயே சுற்றைக் கட்டிப் பார்க்கும் மாதிரிகள், மிக நல்லவை. பல தமிழிலும் இருக்கின்றன, கோப்பாக இறக்கி வைத்தால் இணையம் இல்லாமலும் ஆய்வுகூடக் கணினியில் ஓடும். இந்தியாவின் என்பிடெல் விரிவுரைகள் யூடியூபில் இலவசம், ஆனால் அவை பொறியியல் பட்டப்படிப்புத் தரம். உங்களுக்கு உதவும், பயிலுனர்களுக்குக் கனம். ஓப்பன்ஸ்டாக்ஸ் பௌதிகப் புத்தகங்களும் இலவசம், ஆங்கிலம். பழைய ஈழத்துத் தமிழ் நூல்கள் தேவையென்றால் ‘நூலகம்’ என்ற இணையத்தளம். வளாகத்துக்குள் இணையம் நின்று நின்று வந்தால் கொலிப்ரி என்ற இலவச மென்பொருளை ஒரு பழைய லப்டொப்பில் போட்டு ஒரு வைபை றவுட்டரைக் கொழுவுங்கள். மாணவர்கள் டேட்டா செலவில்லாமல் தங்கள் போனில் உங்கள் குரல்பதிவுகளையும் பிடிஎஃபுகளையும் எடுத்துப் பார்க்கலாம். கிழமையில் இரண்டு நாள் வளாகத்துக்கு வருகிற பிள்ளைக்கு அதுவே பெரிய காரியம்.

சுற்றுநிருபத்தில் ‘எல்லாப் பாடங்களும்’ என்று இருக்கிறதாம். வயர் மூட்டுவதை இணையத்தில் கேட்டுவிட்டு ஒருவன் மின்கம்பத்தில் ஏறினால் யார் பொறுப்பு? கோட்பாட்டுப் பகுதியை மட்டும் இணையவழியில் தருகிறோம், செய்முறை பட்டறையில்தான் என்று எழுத்தில் பதில் போடுங்கள். மாதத்துக்கு இத்தனை ஒன்லைன் மணித்தியாலம் என்று ஸ்க்ரீன்ஷொட் கேட்டால், கிளாஸ்ரூமில் ஒப்படைகள் வந்து சேர்ந்த பட்டியலை அனுப்புங்கள். அது கணக்கில் வராது என்று முதலில் சொல்வார்கள், பிறகு விட்டுவிடுவார்கள்.

பணிப்பாளருக்கு எழுதும் குறிப்பில் மூன்று கேள்வியை மட்டும் வையுங்கள்: டொமைன் யாருடைய கணக்கில், அட்மின் கடவுச்சொல் யாரிடம், காப்புப் பிரதி எங்கே. தரகரிடமிருந்து எழுத்தில் பதில் வரும் வரை கையெழுத்து வேண்டாம் என்று கேளுங்கள். பெரும்பாலும் அதற்குப் பிறகு அவர் போன் எடுக்கமாட்டார். அந்த ஒதுக்கீட்டில் ஒரு நல்ல மைக், றவுட்டர், இரண்டு ஹார்ட் டிஸ்க், தூரத்துப் பிள்ளைகளுக்கு டேட்டா காட் கேட்டுப் பாருங்கள். இதெல்லாம் ஒரே வவுச்சரில் வராது என்று கொள்வனவுக் கிளை முறுகும். முறுகட்டும், மார்கழிக்கு முன்னமே தொடங்குங்கள்.