தள்ளிப்போன பயணம்: அதிர்ஷ்டமா, வெறும் ஆறுதலா?

கேள்வி: பாரிஸுக்கும், வடதுருவ ஒளி பார்க்க நார்வேக்கும் போவதாக இருந்தோம். வீட்டில் ஒருவருக்கு அறுவைச் சிகிச்சை என்பதால் பயணத்தைத் தள்ளிப்போட வேண்டியதாகிவிட்டது. “எல்லாம் நன்மைக்கே” என்கிறார்கள். நிஜமாகவே அப்படி அமையுமா? டிக்கெட்டை இப்போதே ரத்து செய்துவிடலாமா?

பதில்: அந்த வாக்கியத்தை நான் பாதிதான் நம்புவேன். தள்ளிப்போட்டதில் நஷ்டப்பட்டவர்கள் அதைப் பற்றிப் பேசுவதில்லை, லாபம் பார்த்தவர்கள் வருஷக்கணக்கில் பேசுவார்கள். நம் காதில் விழுவது இரண்டாவது கதைதான்.

ஆனாலும் தேதி மாறினால் பயணமே வேறாகிவிடும் இடங்கள் உண்டு. உங்கள் இரண்டு ஊர்களுமே அந்த வகை. 2020-இல் கொரோனாவால் பாரிஸ் போகமுடியாமல் போனவர்களை எடுத்துக்கொள்ளுங்கள். அன்று போயிருந்தால் நோத்ர தாம் பேராலயத்தை வெளியே நின்றுதான் பார்த்திருப்பார்கள். 2019 ஏப்ரலில் தீப்பிடித்த அந்தக் கோயில் மறுபடி திறந்தது 2024 டிசம்பரில்தான். நார்வே கதை இன்னும் சுவாரஸ்யம். வடதுருவ ஒளியை உண்டாக்குவது சூரியனின் சீற்றம்தான். அது சுமார் 11 ஆண்டுக்கு ஒருமுறை ஏறி இறங்கும். 2019 டிசம்பரில் அது அடிமட்டத்தில் இருந்தது, 2024-இல் உச்சத்தைத் தொட்டது. 2020 பயணத்தை 2024-க்குத் தள்ளியவர்களுக்கு, கேட்காமலேயே வானம் தாராளமாக நடந்துகொண்டது. ஜப்பான் பயணத்தைத் தள்ளிப்போட்டவர்களுக்கோ நாணயம் கைகொடுத்தது: 2020-இல் ஒரு டாலருக்கு 105 யென்னை ஒட்டி இருந்தது, 2024 கோடையில் 160-ஐத் தாண்டியது, அதாவது அதே டாலருக்குக் கூடுதல் யென். சரி, கூட்டமும் சேர்ந்தே கூடியது, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

இப்போது அந்தச் சூரிய உச்சம் கடந்துவிட்டது. கவலை வேண்டாம். இறங்குமுகத்திலும் பலமான சூரியப் புயல்கள் வரும். வட நார்வேயின் ட்ரொம்சோ போன்ற ஊர்கள், துருவத்தைச் சுற்றி இந்த ஒளி அடிக்கடி தோன்றும் வளையத்துக்கு அடியிலேயே இருப்பதால் உச்சத்தை மட்டும் நம்பிப் போகத் தேவையில்லை. உங்களுக்கு முக்கியம் வருஷம் அல்ல, மாதம். கோடையில் அங்கே சூரியன் மறைவதே இல்லை, ஒளியும் தெரியாது. செப்டம்பர் கடைசியிலிருந்து மார்ச் கடைசிக்குள் பாருங்கள். அதிலும் பகலும் இரவும் சமமாகும் நாட்களை ஒட்டிய வாரங்களில், இந்த ஒளியைக் கூட்டும் காந்தப்புயல் சற்று அதிகம் வரும். பழைய தேதி ஜூன் என்றால், இந்தத் தள்ளிவைப்பு உங்களுக்கு லாபமே.

அப்புறம் டிக்கெட். அவசரப்பட்டு ரத்து செய்யாதீர்கள். முதலில் தேதி மாற்றும் விதியையும், எவ்வளவு நாள் முன்னால் மாற்றினால் கட்டணம் குறையும் என்பதையும் படியுங்கள். பெரிய வித்தியாசம் இல்லையென்றால் கொஞ்சம் பொறுத்திருங்கள். இடையில் விமான நிறுவனமே அந்த விமானத்தை ரத்து செய்தால், அது ஐரோப்பிய நிறுவனமாகவோ ஐரோப்பாவிலிருந்து கிளம்பும் விமானமாகவோ இருக்கும்பட்சத்தில், ஐரோப்பிய விதிப்படி முழுப் பணமும் 7 நாளுக்குள் திரும்ப வேண்டும். நீங்களாக முந்திக்கொண்டு ரத்து செய்தால் அந்த உரிமை போய்விடும். அதற்காகக் கடைசிவரை சும்மா இருந்து விமானத்தைத் தவறவிடவும் கூடாது. அப்படிச் செய்தால் பெரும்பாலும் டிக்கெட் மொத்தமாகக் காலாவதியாகிவிடும். பயணக் காப்பீடு ஏற்கெனவே வாங்கியிருந்தால், மருத்துவரின் கடிதத்தோடு இப்போதே அவர்களுக்குத் தெரிவியுங்கள். வாங்கவில்லை என்றால், தெரிந்துவிட்ட இந்தச் சிகிச்சைக்காக இனி வாங்கிப் பயனில்லை, புதிய தேதிக்கு வேறு காரணங்களுக்காக வாங்கலாம்.

பலர் கோட்டைவிடுவது பாஸ்போர்ட்டில். பிரான்ஸும் நார்வேயும் அடங்கிய ஷெங்கன் நாடுகளை (ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகள்) விட்டுக் கிளம்பும் நாளுக்குப் பிறகும் குறைந்தது 3 மாதம் அது செல்லுபடியாக வேண்டும், 10 ஆண்டுக்குள் வழங்கப்பட்டதாகவும் இருக்கவேண்டும். பழைய தேதிக்குச் சரியாக இருந்த பாஸ்போர்ட் புதிய தேதிக்குப் போதாமல் போகலாம். விசா கையில் இருந்தாலும் அதில் அச்சிட்ட தேதிகள் உங்களோடு தள்ளிப்போகாது, புதிதாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும். பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே மனு ஏற்பார்கள். ஆகவே பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்க வேண்டியிருந்தால், சிகிச்சை முடிந்து வீட்டில் இருக்கும் இந்த மாதங்களிலேயே முடித்துவிடுங்கள்.