கார்ட்டர் குடும்பத்தின் பாடல்கள் யாருடையவை?

வணக்கம் சார்,

தொடக்ககால அமெரிக்க கன்ட்ரி இசை பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு கார்ட்டர் குடும்பத்தின் ‘வைல்ட்வுட் ஃபிளவர்’ கேட்டேன். மிகவும் பிடித்துப்போனது. அப்புறம் தேடிப் படித்தபோதுதான், ஏ.பி. கார்ட்டர் ஊர் ஊராகப் போய் அடுத்தவர் பாடல்களைச் சேகரித்துத் தன் பெயரில் பதிவுசெய்துகொண்டார், கூடவே அலைந்த கறுப்பினக் கலைஞருக்குப் பெயரே இல்லை என்று தெரிந்தது. இப்போது அந்தப் பாட்டைக் கேட்க மனம் வரவில்லை. இது திருட்டு இல்லையா? இவர்களை ஏன் கொண்டாட வேண்டும்?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

உங்கள் கோபம் நியாயமானது. அந்தக் கலைஞரின் பெயர் லெஸ்லி ரிடில். டென்னஸி மாநிலத்தின் கிங்ஸ்போர்ட்டில் வாழ்ந்தவர். சிமெண்ட் ஆலை விபத்தில் ஒரு காலை இழந்தவர். 1928 வாக்கில் ஏ.பி. கார்ட்டர் அவரைச் சந்தித்தார். இருவரும் சேர்ந்து மலைக்கிராமங்களில் பாடல் தேடி அலைந்தார்கள். கார்ட்டர் வரிகளை எழுதிக்கொள்வார், ரிடில் மெட்டை மனதில் வாங்கிக்கொள்வார். ஒருமுறை கேட்டால் போதும் அவருக்கு. வீடு திரும்பியதும் அந்த மெட்டைக் குடும்பத்துக்கு வாசித்துக் காட்டுவார். அந்த உழைப்புக்கு இசைத்தட்டின் லேபிளில் ஒரு வரிகூட இடமில்லை. அநியாயம்தான், அதில் எனக்கும் சந்தேகமில்லை.

ஆனால் பழியைக் கார்ட்டர் ஒருவர் தலையில் மட்டும் போட்டால் பாதிக் கதை விட்டுப்போகும். இந்தக் குடும்பத்தைப் பதிவுசெய்த இசைத்தட்டுத் தயாரிப்பாளர் ரால்ஃப் பியரைப் பாருங்கள். 1923இல் அட்லாண்டாவில் ஃபிட்லின் ஜான் கார்சன் என்ற ஃபிடில் கலைஞரைப் பதிவுசெய்தவர் அவர். கார்சனின் குரல் அவருக்குச் சகிக்கவில்லை. ஆனால் போல்க் பிராக்மன் என்ற உள்ளூர் மரச்சாமான் வியாபாரி 500 தட்டுகள் கேட்டு வாங்கினார், அவை விற்றும் தீர்ந்தன. கிராமத்து மக்களும் காசு கொடுத்துத் தட்டு வாங்குவார்கள் என்று கம்பெனிகளுக்குப் புரிந்தது அப்போதுதான். பிறகு பியர் விக்டர் என்ற இசைத்தட்டுக் கம்பெனிக்கு வந்தபோது, சம்பளம் வேண்டாம், பாடல்களின் பதிப்புரிமை போதும் என்று பேசிக்கொண்டார். ஏற்கனவே பதிவான பாட்டு அவருக்குப் பயன்படாது. புதிது அல்லது புதிது என்று காட்டக்கூடியது வேண்டும். பாடகர்களும் அதையே தேடி ஓடினார்கள். மலைநாட்டில் பல தலைமுறையாகப் பாடப்பட்டவை ஒருவர் பெயரில் பதிவானது இந்த ஏற்பாட்டால்தான்.

‘வைல்ட்வுட் ஃபிளவர்’ பாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். அது 1860இல் அச்சான பாட்டு, இசை ஜோசப் ஃபில்பிரிக் வெப்ஸ்டர். வாய்வழியே வந்ததில் சில வரிகள் அர்த்தம் கலங்கும் அளவுக்கு மாறிவிட்டன. 1928இல் கார்ட்டர் குடும்பம் அதைப் பதிவுசெய்தபோது உரிமை ஏ.பி. பெயருக்குப் போனது.

சரி, அப்படியானால் உங்களுக்குப் பிடித்தது எது? அந்தத் தட்டில் ஏ.பி. பாடவே இல்லை. பாடுவது அவர் மனைவி சாரா. கிட்டார் வாசிப்பது சாராவின் ஒன்றுவிட்ட தங்கை மேபெல். கட்டைவிரலால் தடித்த கம்பிகளில் மெட்டை எடுத்து, அதே நேரத்தில் மற்ற விரலால் மெல்லிய கம்பிகளை வருடித் தாளம் கொடுக்கிறார். அதுவரை பாட்டுக்குப் பின்னால் நின்ற கிட்டார் இங்கே பாட்டையே சொல்கிறது. 1927 ஆகஸ்டில் டென்னஸியின் பிரிஸ்டல் நகரில் முதல் பதிவுக்கு வந்தபோது மேபெலுக்கு வயது 18, நிறைமாதம் நெருங்கிய கர்ப்பிணி. 1925க்குப் பிறகு மைக் வந்துவிட்டதால்தான் அந்த விரல்களின் நுணுக்கம் நமக்குக் கிடைத்தது. மைக் இல்லாமல் பெரிய குழலின் முன் வாசித்த பழைய பதிவில் அது அமுங்கிப்போயிருக்கும். பாடல் உரிமை வரியில் இந்த இரண்டு பெண்களின் பெயரும் இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆகவே என் பதில் இது: உரிமைக் கணக்கு தவறு, வாசிப்பு அசல். இரண்டையும் ஒன்றாகப் போட்டு மேபெலைத் தண்டிக்காதீர்கள்.

இந்தப் பெயர் விடுபடல் கார்ட்டர் குடும்பத்தோடு நிற்கவில்லை. பிரிஸ்டலில் அதே வாரம் அறிமுகமான பாடகர் ஜிம்மி ராட்ஜர்ஸ், 1930 ஜூலையில் ஹாலிவுட்டில் ‘புளூ யோடல் எண் 9’ பாடினார். அதில் ட்ரம்பெட் வாசித்தவர் கறுப்பின ஜாஸ் கலைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங், பியானோ அவர் மனைவி லில். தட்டின் லேபிளில் இருவர் பெயரும் கிடையாது. ஆம்ஸ்ட்ராங் உலகப் புகழ் பெற்றதால் அந்தக் குறை பின்னால் நேரானது. ரிடிலுக்கு அந்த வாய்ப்பு இல்லை. அவர் நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டருக்குக் குடிபெயர்ந்து இசையை விட்டே விலகிவிட்டார். 1960களில் நாட்டார் இசைக் கலைஞர் மைக் சீகர் அவரைத் தேடிப் பிடித்து, மறுபடி கிட்டாரை எடுக்கவைத்துப் பதிவுசெய்தார்.

பாட்டைக் கேட்காமல் விடுவதால் ரிடிலுக்கு எதுவும் கிடைக்கப்போவதில்லை. கூடுதலாகக் கேளுங்கள். ரிடில் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த ‘கேனன்பால்’ பாட்டை 1930இல் கார்ட்டர் குடும்பம் பதிவுசெய்தது. சீகரின் பதிவில் அதை ரிடிலே பாடுகிறார். முதலில் அவருடையதைக் கேட்டுவிட்டு மற்றதற்குப் போங்கள். மேபெலின் கை எங்கே ரிடிலிடம் கடன் வாங்குகிறது, எங்கே தன் வழியில் போகிறது என்று உங்கள் காதே சொல்லிவிடும். கேட்டுவிட்டு எழுதுங்கள்.