ஒளிப்படக் கேள்வி-பதில்: போர்டில் பாதி ஊரைக் காணோம்!

ஈரோடு பஸ் ஸ்டாண்டுல நிக்கிற பஸ்ஸைத்தான் எடுக்கறேனுங்க. கண்ணுக்கு முழுசாத் தெரியற எல்இடி போர்டு, படத்துல கோடு கோடா விட்டுப்போயிருக்குது. போர்டு பழுதா, கேமரா பழுதா?
– வாசகர், பெருந்துறை

இரண்டும் பழுதில்லை. எல்இடி போர்டில் எல்லாப் புள்ளிகளும் ஒரே நேரத்தில் எரிவதில்லை. கடை வாசலில் எழுத்து ஓடுமே, அந்த பி10 பேனலைப் பாருங்கள்: அகலத்தில் 32, உயரத்தில் 16, ஆக 512 புள்ளிகள். வெளிப்புறத்துக்கான வழக்கமான பி10-ல் 1, 5, 9, 13-ஆம் வரிசைகள் ஒன்றாக எரிந்து அணையும். அடுத்து 2, 6, 10, 14. இப்படி நான்கு பங்கு முடிந்தால் ஒரு சுற்று. சுற்று வேகமாக ஓடுவதால் கண் ஏமாந்துவிடுகிறது, கேமரா ஏமாறுவதில்லை. பஸ் போர்டுகளிலும் இதே வித்தைதான்; எத்தனை பங்கு என்பது போர்டுக்குப் போர்டு மாறும்.

நொடிக்கு 100 சுற்று ஓடும் போர்டு என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு பங்கும் எரிவது 1/400 நொடி. ஷட்டர், அதாவது கேமராவுக்குள் ஒளி விழும் நேரம், 1/1000 நொடியில் இருந்தால் ஒன்றிரண்டு பங்குதான் சிக்கும். 1/80-ல் எல்லாமே சிக்கும். ஆனால் சில வரிசைகள் இரண்டு முறை பதிந்து தூக்கலாகத் தெரியும். 1/50 என்றால் சரியாக இரண்டு சுற்று. அதில் தொடங்குங்கள், கோடு மிச்சமிருந்தால் 1/30-க்கு இறங்குங்கள். சத்தமில்லாமல் எடுக்கும் சைலன்ட் (எலெக்ட்ரானிக்) ஷட்டர் வேண்டாம்; அது படத்தை வரிவரியாகப் படிப்பதால் பட்டை விழும்.

தமிழ் போர்டில் இந்தக் கோளாறு கூடுதலாக உறுத்தும். மெய்யெழுத்தின் புள்ளிக்கு மேல்வரிசையில் ஒன்றிரண்டு எல்இடிதான் இருக்கும். அந்த வரிசை விட்டுப்போனால் 'பொள்ளாச்சி', 'பொளளாசசி' ஆகிவிடும். எடுத்த கையோடு திரையில் பெரிதாக்கி முதலில் புள்ளிகளைப் பாருங்கள். அவை இருந்தால் மற்றவை பெரும்பாலும் இருக்கும்.

மத்தியான வெயில்ல 1/50 வெச்சா படம் வெளுத்துப்போகுதுங்களே?
– வாசகர், பல்லடம்

வெளுக்கத்தான் செய்யும். உச்சி வெயிலில் ஐஎஸ்ஓ (ஒளியை உணரும் அளவு) 100, ஷட்டர் 1/50 என்றால் லென்ஸ் துவாரத்தை எஃப்/22 வரை மூட வேண்டும் (எஃப் எண் கூடினால் துவாரம் சிறிதாகும்). அவ்வளவு மூடினால் படத்தின் கூர்மை குறையும். ஒளியைக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடியான என்டி8 ஃபில்டர் மாட்டினால் மூன்று ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி பாதியாகும், அல்லது இரட்டிப்பாகும்) குறைந்து எஃப்/8-க்கு வந்துவிடலாம். செலவில்லாத வழி, நிழல். கூரையுள்ள பஸ் ஸ்டாண்டில், கூரைக்கடியில் பஸ் முகப்பு நுழைந்த பிறகு எடுங்கள். நேர் வெயில் விழும் போர்டு எப்படி எடுத்தாலும் சோகை பிடித்ததுபோல்தான் இருக்கும்.

என்கிட்ட போன் மட்டும்தானுங்க இருக்குது. ஆகுமா?
– வாசகர், கோபிசெட்டிபாளையம்

ஆகும். அளவுகளை நாமே வைக்கும் ப்ரோ மோடில் ஷட்டர் 1/50, ஐஎஸ்ஓ 50 வையுங்கள். ஆனால் பெரும்பாலான போன்களில் லென்ஸ் துவாரம் எஃப்/1.8 போல மாறாமல் நிற்பது. வெயிலில் இந்த அளவு வைத்தால் ஆறு ஸ்டாப்புக்கு மேல் ஒளி கூடிவிடும். அதனால் நிழலிலோ பொழுது சாயும் நேரத்திலோ எடுங்கள். ப்ரோ மோடே இல்லாத போனிலும், வெளிச்சம் குறைந்தால் ஷட்டர் தானாகவே மெதுவாகும். கையைத் தூணில் ஊன்றிக்கொள்ளுங்கள்.

எழுத்து ஓடும் போர்டாக இருந்தால் மெதுவான ஷட்டரில் இழுபடும். நகராமல் நிற்கும் நொடிக்குக் காத்திருங்கள்.

அவிநாசி ரோட்டுல ஓடற பஸ்ஸை எடுக்கறது எப்படிங்க? 1/50-ல பஸ்ஸே கலங்கிப்போகுது.
– வாசகர், சோமனூர்

மணிக்கு 30 கி.மீ.-ல் போகும் பஸ் 1/50 நொடியில் சுமார் 17 செ.மீ. நகர்ந்துவிடும். பக்கவாட்டில் நின்றால் அத்தனையும் இழுவையாகப் பதியும். ஏறக்குறைய எதிரே வரும்படி, சாலையோரத்தில் பத்திரமான இடத்தில் நில்லுங்கள். அப்போது பஸ் படத்தில் கொஞ்சம் பெரிதாகுமே தவிர, பக்கவாட்டில் அதிகம் நகராது. ஸ்டாப்பிங் வருவதற்கு 20 மீட்டர் முன்னால் வேகம் குறையும் இடம்தான் நல்ல இடம்.

பக்கவாட்டில்தான் வேண்டும் என்றால் பேனிங்: கால்களை அசைக்காமல், இடுப்பைத் திருப்பி, போர்டின் ஒரு மூலையை ஃபோகஸ் புள்ளியில் பிடித்தபடி பஸ்ஸோடு கேமராவை நகர்த்துங்கள். ஷட்டர் விழுந்த பிறகும் நிறுத்தாதீர்கள். பலர் கோட்டை விடுவது அங்கேதான். பத்தில் இரண்டு தேறினால் போதும்.

கண்ணாடியில் வானமும் மரமும் பிரதிபலித்துப் போர்டை மறைக்கிறது.
– வாசகர், உடுமலைப்பேட்டை

பிரதிபலிப்பைக் குறைக்கும் சிபிஎல் (போலரைசர்) ஃபில்டரை லென்ஸில் மாட்டித் திருகித் திருகிப் பாருங்கள். கண்ணாடிக்குச் சாய்வாக நின்றால்தான் பலன். நேர் எதிரே நின்றால் இருக்காது. ஒன்றரை ஸ்டாப் போல ஒளியையும் குடிக்கும், நமக்கு அது லாபமே. ஆனால் எல்இடி இல்லாமல் டிவி போன்ற எல்சிடி திரையாக இருந்தால், ஒரு கோணத்தில் திரையே கறுத்துவிடும். கொஞ்சம் திருப்பினால் வந்துவிடும்.

ராத்திரியில சிவப்பு எழுத்து மஞ்சளா வருதுங்க.
– வாசகர், மேட்டுப்பாளையம்

ஒளி மிகுந்துபோனதுதான் காரணம். இருட்டைப் பார்த்துக் கேமரா எக்ஸ்போஷரைக் கூட்டிவிடுகிறது. ஷட்டரைத் தொடாமல், ஐஎஸ்ஓவைக் குறைத்து ஒன்று, ஒன்றரை ஸ்டாப் இறக்குங்கள். ஃபிளாஷ் மட்டும் வேண்டாம். கண்ணாடியில் பட்டுத் திரும்பும், டிரைவர் கண்ணும் கூசும்.