படித்த பிறகும் கைநாட்டு

கேள்வி: எனக்கு வயது 48. திருமயம் பக்கம், நூறு நாள் வேலைக்குப் போகிறேன். போன வருஷம் புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்தில், எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்திலேயே எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டேன். அதுவரை பஸ் போர்டைக் கேட்டால்கூட "கண்ணாடி எடுத்து வரல" என்று சமாளிப்பேன். போன மாதம் பேங்கில் சீட்டு நிரப்பும்போது பின்னால் நின்றவர் உச்சுக் கொட்டினார். மகன் "குடும்மா, நேரமாகுது" என்று பிடுங்கி எழுதிவிட்டான். உள்ளே இருந்தவர் மை டப்பாவைத் தள்ளினார். பேசாமல் கைநாட்டு வைத்துவிட்டு வந்தேன். தெரியாதபோதுகூட இவ்வளவு அவமானமாக இல்லை. படித்ததே தப்போ? இதை நானேதான் எழுதினேன். நான்கு நாள் ஆனது.

பதில்: அக்கா, அந்தக் கண்ணாடிப் பொய்யை எத்தனை வருஷமாகச் சொல்லியிருப்பீர்கள்! எழுத்து ஒரு வருஷத்தில் வந்துவிட்டது. மாட்டிக்கொள்வோமோ என்ற பயம் அத்தனை சீக்கிரம் போகாது. முன்பு தெரியாததை மறைக்க முடிந்தது. இப்போது தடுமாறுவதை நாலு பேர் பார்க்கிறார்கள், அதுதான் கூடுதலாகச் சுடுகிறது.

தமிழில் 247 எழுத்து. ஒவ்வொன்றாக அடையாளம் காண்பதிலேயே கவனமெல்லாம் செலவாவதால், வரி முடிவதற்குள் முதல் சொல் மறந்துபோகும். புதிதாகப் படிக்கிற எல்லாருக்கும் இப்படித்தான். பழகிய சொல் முழுசாகக் கண்ணில் விழும். 'திருமயம்' என்ற போர்டை இன்னமும் எழுத்துக்கூட்டியா படிக்கிறீர்கள்?

1991இல் உங்கள் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொடுத்தது. சின்ன வயதில் நீங்களே பார்த்திருக்கலாம். கேலி பேசினார்கள்தான். ஆனால் சைக்கிளை வீட்டுக்குள் ஓட்டிப் பழக முடியாதே.

மை டப்பா விஷயத்தில் எனக்கு ஒரு சந்தேகம். உங்கள் கணக்கு கைநாட்டில் தொடங்கியதா? அப்படியானால் பேங்க் பதிவில் இன்னும் கைநாட்டுதான் இருக்கும், அவர் அதைப் பார்த்துத் தள்ளியிருக்கலாம். மாதிரிக் கையெழுத்தைப் பதிந்துகொள்ளச் சொல்லி மனு கொடுங்கள், பாஸ்புக்கையும் ஆதாரையும் எடுத்துப் போங்கள். இந்தக் கடிதம் எழுதிய கைக்கு நாலு வரி மனு பெரிதில்லை. அப்புறம், வெற்றுச் சீட்டு நாலைந்து வாங்கி வந்து வீட்டில் நிரப்பிப் பாருங்கள். கூட்டம் குறைந்த நேரமாகப் பார்த்துப் போங்கள்.

மகன் கெட்ட எண்ணத்தில் பிடுங்கவில்லை, இத்தனை வருஷப் பழக்கம் அவனுக்கும் இருக்கிறது. அடுத்த தடவை அவன் கை நீட்டினால், "நீ போய் டீ குடிச்சிட்டு வா, நான் எழுதி முடிச்சிடுறேன்" என்று சொல்லுங்கள்.