கழுவுங்கள், பெயின்ட் அடிக்காதீர்கள்

கேள்வி: நாங்கள் அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்தில் இருக்கிறோம். என் கணவர் ஒரு பண்ணைக் கொட்டகையில் பல வருடமாகச் சும்மா கிடந்த 1968 பிளிமத் ரோடு ரன்னர் காரை, அந்தப் பண்ணைக்காரரின் மனைவியிடமிருந்து வாங்கி வந்திருக்கிறார். வண்டி ஓடாது. பச்சை பெயின்ட் பல இடங்களில் தேய்ந்துவிட்டது, டிக்கி மூடியில் துரு, பின் சீட்டை எலி குடைந்திருக்கிறது. “பெயின்ட் அடித்துப் புதுசாக்கலாம்” என்றேன். “தொடவே கூடாது, இப்படியே இருப்பதுதான் அதன் மதிப்பு” என்கிறார். கழுவக்கூட விடுவதில்லை. கராஜில் என் பிள்ளைகள் விளையாடுகிறார்கள். யார் சொல்வது சரி?

பதில்:

அன்புள்ள சகோதரி, கழுவுவதில் நீங்கள் சொல்வது சரி. பெயின்ட் விஷயத்தில் அவர் சொல்வது சரி. ஆனால் இரண்டுக்கும் முன்னால் அந்த எலிக்கூட்டைக் கவனியுங்கள். அமெரிக்காவில் சில எலிகளின் கழிவிலிருந்து ஹன்டா வைரஸ் பரவும். அது நுரையீரலைத் தாக்கி உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால் பிள்ளைகளை இப்போதைக்கு கராஜுக்குள் விடாதீர்கள். வண்டியின் கதவுகளைத் திறந்து காற்றாட விடுங்கள். கையுறையும் நல்ல முகக்கவசமும் போட்டுக்கொண்டு, எலிக்கழிவைக் கிருமிநாசினியால் நனைத்த பிறகே எடுக்க வேண்டும். உலர்ந்த நிலையில் பெருக்கவோ வாக்குவம் போடவோ கூடாது.

பின் சீட்டை வெளியே எடுக்கும்போது அதன் அடிப்பக்க ஸ்பிரிங்குகளுக்கு நடுவே காகிதம் ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஆலையில் எந்த வண்டிக்கு எந்த எஞ்சின், எந்த கியர்பாக்ஸ், எந்த நிறம் என்று தொழிலாளிகளுக்குக் குறித்துக் கொடுத்த தாள் அது. பிராட்காஸ்ட் ஷீட் என்பார்கள். வேலை முடிந்ததும் பல தாள்கள் சீட்டுக்குள்ளேயே தங்கிவிட்டன. கிழிந்திருந்தாலும், பாதியை எலி தின்றிருந்தாலும் பத்திரப்படுத்துங்கள். உங்கள் வண்டியின் பிறப்புச் சான்றிதழே அதுதான்.

சரி, உங்கள் கணவரின் பிடிவாதத்துக்கு வருவோம். ரோடு ரன்னர் பணக்காரர்களுக்காகச் செய்த கார் இல்லை. 1968இல் அதன் ஆரம்ப விலை 2,896 டாலர். தரையில் கம்பளத்துக்குப் பதில் ரப்பர் விரிப்பு, முன்னால் சாதாரண நீள சீட். பணத்தையெல்லாம் எஞ்சினில் போட்டார்கள். எஞ்சின் கொள்ளளவு 383 கன அங்குலம், வலு 335 குதிரைத்திறன். ஒரு கார்ட்டூன் பறவையின் பெயரைப் பயன்படுத்த வார்னர் பிரதர்ஸ் நிறுவனத்துக்கு 50,000 டாலர் கொடுத்து, அந்தப் பறவையைப் போலவே “பீப் பீப்” என்று கத்தும் ஹாரனையும் வைத்தார்கள். முதல் வருடமே ஏறக்குறைய 45,000 வண்டிகள் விற்றன. ஆலைகளிலும் வயல்களிலும் வேலை பார்த்த இளைஞர்கள் தவணையில் வாங்கி ஓட்டிய வண்டி இது.

இப்படிப்பட்ட வண்டிகள் கொட்டகைக்குப் போனதற்கும் காரணம் இருக்கிறது. 1970 வாக்கில் வேகமான கார்களுக்கு இன்சூரன்ஸ் கட்டணம் தாறுமாறாக ஏறியது. புகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்து எஞ்சின்களின் வலு குறைந்தது. 1973 அக்டோபரில் அரபு நாடுகளின் எண்ணெய்த் தடை வந்ததும் பெட்ரோல் பங்குகளில் வரிசை. பெரிய எஞ்சின் வைத்த இந்த வேகக் கார்களை மஸில் கார் என்பார்கள். பெட்ரோலைக் குடிக்கும் பழைய மஸில் காரை யாரும் சீந்தவில்லை. கிளட்ச் போனால் சரிசெய்கிற செலவு வண்டியின் விலைக்கே பக்கத்தில் வந்தது. ‘அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்’ என்று கொட்டகையில் ஏற்றினார்கள். அந்த ‘அப்புறம்’ நாற்பது, ஐம்பது வருடமாகிவிட்டது.

அப்படிக் கிடந்த வண்டியில்தான், ஆலை அதை எப்படிச் செய்தது என்பதற்கான தடயம் மிச்சமிருக்கிறது. சோதனை பார்த்தவர் சாக்கட்டியால் போட்ட கிறுக்கல், போல்ட்டின் மேல் தொட்டு வைத்த பெயின்ட் புள்ளி, அவசரத்தில் அடித்ததால் அடிப்பக்கம் சிதறிய பெயின்ட், ஒரே அளவில் இல்லாத கதவு இடைவெளி. பெயின்டைச் சுரண்டிப் புதிதாக அடித்தால் இத்தனையும் ஒரே வாரத்தில் போய்விடும். புதுப்பித்த வண்டிகள் பெரும்பாலும் ஆலையிலிருந்து வந்த நாளில் இருந்ததைவிட அதிகமாக மின்னுகின்றன. அழகுதான், ஆனால் அது இன்றைய கைவேலை. அந்த வேலையைச் சரியாகச் செய்ய நினைக்கிறவர்களும், இப்படிக் கை படாமல் தப்பிய ஒரு வண்டியைப் பார்த்துத்தான் ஆலை செய்த விதத்தைத் தெரிந்துகொள்கிறார்கள். பெயின்டை எத்தனை முறை வேண்டுமானாலும் அடிக்கலாம். முதல் பெயின்ட் போனால் போனதுதான்.

1968இல் வந்த ‘புல்லிட்’ படத்தில் நடிகர் ஸ்டீவ் மெக்குவீன் ஓட்டிய பச்சை மஸ்டாங் காரை 1974இல் ஒரு குடும்பம் 6,000 டாலருக்கு வாங்கியது. அந்த வீட்டு அம்மா அதில்தான் பள்ளிக்கூட வேலைக்குப் போய் வந்தார். 1980இல் கிளட்ச் போய் வண்டி நின்றது. பல வருடம் கழித்து மகன் ஓடும் நிலைக்குக் கொண்டுவந்தபோதும் பெயின்டைத் தொடவில்லை. படப்பிடிப்பின் தடயங்களும் அப்படியே இருந்தன. 2020 ஜனவரியில் புளோரிடாவில் நடந்த ஏலத்தில் கட்டணங்களோடு சேர்த்து 37.4 லட்சம் டாலருக்குப் போனது. அந்த விலை படத்தின் புகழுக்குக் கிடைத்தது, உங்கள் வண்டிக்கு வராது. நான் பார்ப்பது மகன் செய்த வேலையை மட்டும்தான். ஓடுவதற்கு வேண்டியதைச் சரிசெய்துவிட்டு, மேல்தோலை விட்டுவிட்டார்.

நீங்களும் அதையே செய்யலாம். உங்கள் கணவரிடம் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லுங்கள்: தூசிக்கு மதிப்பே கிடையாது. விற்பதற்காகவே தூசி தூவிப் படம் எடுப்பவர்கள் இருக்கிறார்கள், எனக்கு அது பிடிக்காது. முதலில் இருக்கிற நிலையில் நிறையப் படம் எடுத்துக்கொள்ளட்டும். அப்புறம் நிறையத் தண்ணீர், மென்மையான ஷாம்பு, துணி. பிரஷர் வாஷர் வேண்டாம், எஞ்சின் அறைக்குள் தண்ணீர் பீய்ச்சவே வேண்டாம். அங்கே தூரிகை போதும். டிக்கி மூடியின் உள்பக்கம் ஜாக்கி வைக்கும் முறையைச் சொல்லும் ஸ்டிக்கர் இருந்தால் அதன் மேல் கை வைக்காதீர்கள். மூடியில் இருப்பது மேலோட்டமான துரு என்றால் மெழுகு பூசினால் பரவுவது குறையும்.

பாதுகாப்பில் மட்டும் பழமை பார்க்கக் கூடாது. பிரேக் சிலிண்டர்கள், ஹோஸ்கள், டயர்கள், பெல்ட்டுகள் எல்லாம் புதிது போட வேண்டும். டேங்கில் கிடக்கும் பெட்ரோல் வார்னிஷாக மாறியிருக்கும், அதை வெளியேற்றிச் சுத்தம் செய்யாமல் சாவியைத் திருகவே கூடாது. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, சிலிண்டருக்குள் கொஞ்சம் எண்ணெய் விட்டு, சில நாள் ஊறிய பிறகு எஞ்சினைக் கையால் மெதுவாகச் சுற்றிப் பார்க்கட்டும். கழற்றிய பழைய பாகங்களை எறியாமல் பெட்டியில் போட்டு எழுதி வையுங்கள்.

இரண்டு விஷயம் என் பதிலை மாற்றிவிடும். ஒன்று, அடிச்சட்டம். முன்பக்க டார்ஷன் பார் (ஸ்பிரிங் வேலை செய்யும் முறுக்குக் கம்பி) பொருந்தும் குறுக்குச் சட்டமும், பின்பக்க லீஃப் ஸ்பிரிங் (பட்டை ஸ்பிரிங்) பிடிக்கும் இடமும் உளுத்திருந்தால் வெட்டி மாற்றத்தான் வேண்டும். அங்கே ‘தொடாதே’ என்பது முட்டாள்தனம். இன்னொன்று, வண்டி நிஜமான ரோடு ரன்னர்தானா என்பது. பிளிமத்தின் சாதாரண காரான பெல்விடியரை ரோடு ரன்னராக மாற்றியவர்கள் உண்டு. டாஷ்போர்டில் உள்ள எண் ‘ஆர்எம்’ என்று தொடங்க வேண்டும். ‘ஆர்எல்’ என்று தொடங்கினால் அது பெல்விடியர். அப்போது உங்கள் விருப்பப்படி பெயின்ட் அடியுங்கள், யாருக்கும் நஷ்டமில்லை.

அந்தப் பண்ணைக்கார அம்மாவிடம் இன்னொரு முறை போய் வாருங்கள். வாங்கிய ரசீது, சர்வீஸ் பில், வண்டி தெரிகிற குடும்பப் புகைப்படம், எதுவானாலும் கேளுங்கள். வண்டி எந்த வருடம், எதனால் நின்றது என்றும் கேட்டு, அவர் சொல்வதைத் தேதியோடு எழுதி அந்தக் காகிதங்களோடு வையுங்கள்.